பங்குனிச் சேறும் உள்ளான்களின் கொழுப்பும்

மாசி கடைசியில் ஆரம்பித்து சித்திரை பாதி வரைக்கும் நம் ஏரிகளில், சேற்றோரம் கொத்தி மேயும் சிறு பறவைகளான உள்ளான்கள் சாப்பிடுகிற வேகமே மாறிவிடும். கார்த்திகையில் பார்த்த அதே பொரி உள்ளான்தான், அதே கொசு உள்ளான்தான். ஆனால் அப்போது கொஞ்சம் கொத்தும், கொஞ்சம் இறகு கோதும், ஒற்றைக் காலில் நின்று தூங்கும். இப்போது தலை நிமிர்வதே அபூர்வம். ஊருக்குக் கிளம்பப் போகிற பறவைகள் அவை. கொசு உள்ளான் முட்டையிடுவது ஆர்க்டிக் பெருங்கடலை ஒட்டிய தூந்திர நிலத்தில். வேலூரிலிருந்து சைபீரியாவின் வடகோடிக்கு நேர்க்கோட்டில் அளந்தாலே 6,000 கிலோமீட்டருக்கு மேல் வரும். பறவையின் எடை 20, 25 கிராம். வழியில் இறங்கி இறங்கித்தான் போகும் என்றாலும், ஒவ்வொரு தாவலுக்கும் தேவையானதை உடம்பிலேயே கட்டிக்கொண்டு போக வேண்டும். அப்படிக் கட்டிக்கொண்டு போவது கொழுப்பு.

ஏன் கொழுப்பு, மாவுச்சத்து ஏன் இல்லை? ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி என்று பள்ளியிலேயே படித்திருப்போம். விஷயம் அதோடு முடியவில்லை. உடம்பு மாவுச்சத்தை கிளைகோஜனாகச் சேமிக்கும்போது அதன் எடையைப் போல மூன்று மடங்கு தண்ணீரையும் சேர்த்தே வைக்கிறது. கொழுப்பு கிட்டத்தட்ட தண்ணீரே இல்லாமல் தங்குகிறது. வடித்த சோறும் நெய்யும் மாதிரி: நூறு கிராம் சோற்றில் பெரும்பங்கு தண்ணீர், நூறு கிராம் நெய்யில் முழுக்க எரிபொருள். தூக்கிக்கொண்டு பறக்க வேண்டிய பறவைக்கு ஒவ்வொரு கிராமும் கணக்கு. அதுமட்டுமில்லை, ஒரு கிராம் கொழுப்பு எரிந்தால் ஒரு கிராமுக்குச் சற்று அதிகமாகவே தண்ணீர் உண்டாகிறது. கடலுக்கு மேலேயும் பாலைவனத்துக்கு மேலேயும் நாள்கணக்கில் குடிக்காமல் பறக்கிற உயிருக்கு அது பெரிய உதவி.

இதில் மனிதனால் முடியாத ஒன்று இருக்கிறது. நாம் வேகமாக ஓடும்போது தசைக்குப் போவது பெரும்பாலும் மாவுச்சத்துதான். கொழுப்பு நம் உடம்பில் எவ்வளவு இருந்தாலும் அதை இரத்தத்தின் வழியாகத் தசைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேகம் போதாது. அதனால்தான் மாரத்தான் ஓடுகிறவர்கள் கடைசிக் கட்டத்தில் ஒரேயடியாகத் தளர்ந்துபோகிறார்கள். வலசை போகும் பறவையின் நெஞ்சுத் தசையில் கொழுப்பு அமிலங்களைப் பிடித்து உள்ளே கடத்தும் புரதம் ஏராளமாக இருக்கிறது. பயணத்துக்கு முன் அது இன்னும் கூடுகிறது. ஒரு பாலூட்டி உச்ச வேகத்தில் மூச்சிரைக்க ஓடும் நிலையைவிடக் கடினமான உழைப்பை, பெரும்பாலும் கொழுப்பை மட்டும் எரித்து, அந்தப் பறவை ராத்திரி பகலாகச் செய்கிறது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி குடல். பட்டைவால் மூக்கன் என்றொரு பறவை அலாஸ்காவிலிருந்து பசிபிக் கடலைத் தாண்டி நியூசிலாந்துக்கு ஒரே மூச்சில் போகிறது. 2022-இல் செயற்கைக்கோள் கருவி பொருத்திய இளம் பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை சுமார் 13,560 கிலோமீட்டரை 11 நாளில், எங்கேயும் இறங்காமல் கடந்தது. இந்த இனத்தின் இளம் பறவைகள் சில, கிளம்பிய வேகத்தில் அலாஸ்காவில் ஒரு ரேடார் குவிமாடத்தில் மோதி இறந்துவிட்டன. அவற்றை அறுத்துப் பார்த்த ஆய்வாளர்கள் பியர்ஸ்மாவும் கில்லும் 1998-இல் எழுதியது இன்றைக்கும் மலைக்க வைக்கிறது. உடல் எடையில் சுமார் 55 சதவீதம் கொழுப்பு. இரைப்பை, கல்லீரல், சிறுநீரகம், குடல் எல்லாம் சுருங்கிப்போயிருந்தன. பறக்கும்போது சாப்பிடப் போவதில்லை, அப்புறம் செரிமானக் கருவிகளைச் சுமப்பானேன்? கிளம்புவதற்கு முன் அவற்றைக் குறைத்துவிட்டு, போய் இறங்கிய இடத்தில் மறுபடி வளர்த்துக்கொள்கிறது.

அது இலையுதிர்காலப் பயணம். வசந்தகாலப் பயணத்துக்கும் ஆதாரம் உண்டு. கிரேட் நாட் என்ற உள்ளான் ஆஸ்திரேலியாவின் வடமேற்கிலிருந்து சீனக் கரை வரை சுமார் 5,400 கிலோமீட்டர் பறக்கிறது. கிளம்பும் முன்பும் இறங்கிய பின்பும் ஆராய்ந்து பார்த்ததில் மூளையும் நுரையீரலும் தவிர மற்ற உறுப்புகள் எல்லாமே எடை குறைந்திருந்தன. கொழுப்பு மட்டுமில்லை, தன் உறுப்புகளையும் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்துத்தான் வந்து சேர்கிறது. அப்படி இறங்குகிற பறவைக்கு முதல் இரண்டு மூன்று நாள் சரியாகச் சாப்பிடக்கூட முடியாது, குடல் முதலில் தேற வேண்டும். அந்த நேரத்தில் நாயோ ஆட்களோ விரட்டினால் அதற்கு என்ன ஆகும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, இந்தக் கொழுப்பு எதிலிருந்து வருகிறது? காவேரிப்பாக்கம் ஏரியில் தண்ணீர் பின்வாங்கிய ஓரத்தில் குந்தி உட்கார்ந்து சேற்றைப் பாருங்கள். மேலே மஞ்சளும் பழுப்புமாக வழவழவென்று ஒரு ஆடை படிந்திருக்கும். விரலால் ஒரு கட்டியைப் புரட்டினால் உள்ளே கறுப்பு, அதில் சிவப்பு நூல் போல அரை அங்குலப் புழுக்கள் நெளியும். மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் ரத்தப்புழு என்று வாங்கிப் போடுகிறார்களே, அதே வகை. ஒரு கொசு மாதிரிப் பூச்சியின் இளம்பருவம். பொரி உள்ளான் குனிந்து கொத்தி எடுப்பதில் நிறைய இதுதான். ஏரி வற்ற வற்ற இந்தப் புழு இருக்கும் சேறு வளையம் வளையமாக வெளியே வந்துகொண்டே இருக்கும். உள்ளானும் தண்ணீரோடு சேர்ந்து உள்ளே உள்ளே நகரும். கால் குட்டையான கொசு உள்ளானுக்கு இரண்டு விரல் ஆழம் போதும், அதற்கு மேல் போனால் அதனால் மேய முடியாது.

அந்த வழவழப்பான ஆடையையும் லேசாக நினைக்க வேண்டாம். கனடாவில் ஃப்ரேசர் ஆற்று முகத்துவாரத்தில் வசந்தகாலத்தில் வந்து இறங்கும் வெஸ்டர்ன் சாண்ட்பைப்பர் என்ற உள்ளான்கள், புழுக்களோடு நிற்காமல், சேற்றின் மேல் படிந்த இந்த நுண்பாசிப் படலத்தையே நாக்கால் வழித்துச் சாப்பிடுகின்றன என்று 2008-இல் கண்டுபிடித்தார்கள். நாக்கு நுனியில் அதற்கென்றே தூரிகை மாதிரி முட்கள். அவற்றின் அன்றாட ஆற்றல் தேவையில் பாதியளவு அதிலிருந்தே கிடைப்பதாகக் கணக்கிட்டார்கள். அந்தப் பாசியில் இருக்கும் ஒமேகா-3 வகைக் கொழுப்பு அமிலங்கள் பயணத்துக்கு உதவுவதாகவும் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதுவரை வெறும் சேறு என்று எல்லோரும் பார்த்த இடம்.

எப்போது தின்ன ஆரம்பிக்க வேண்டும் என்று பறவைக்கு எப்படித் தெரியும்? பகல் நீள்வது ஒரு குறிப்பு. ஆனால் வேலூரில் வருஷத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் சுமார் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். உடம்புக்குள்ளேயே ஓர் ஆண்டுக் கடிகாரமும் ஓடுகிறது; பகல் அளவை மாற்றாமல் கூண்டில் வளர்த்த ரெட் நாட் பறவைகள்கூட ஒரு பருவத்தில் எடை கூடி, பிறகு குறைந்தன. சேர்க்கும் கொழுப்புக்கு விலையும் உண்டு. கனத்த பறவை எழும்பத் தாமதமாகும், வேட்டைப் பறவையான பைரி பாய்ந்தால் தப்புவது கஷ்டம். அதனால் வருஷம் முழுக்கக் குண்டாக இருக்காமல் கிளம்பும் நேரத்துக்குச் சரியாகச் சேர்க்கிறது. கோடியக்கரையில் பறவைகளைப் பிடித்துக் காலில் அடையாள வளையமிடும்போது நெஞ்சுக்கு மேலே காறை எலும்புக் குழியில் இறகை ஊதி விலக்கிப் பார்ப்பார்கள். தோல் அவ்வளவு மெல்லியது, கீழே மஞ்சளாகக் கொழுப்பு தெரியும். எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று மதிப்பெண் போட்டுக்கொள்வார்கள்.

இதையெல்லாம் எழுத ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் பக்கத்து ஏரிகள் ஐப்பசி, கார்த்திகை மழையிலும், வாலாஜா அருகே பாலாற்று அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாக வரும் தண்ணீரிலும் நிறையும், கோடையில் வற்றும். வற்றுகிற ஏரியைப் பார்த்தால் எல்லோருக்கும் அது செத்துப்போன இடம். உடனே கட்டட இடிபாடு கொட்ட ஒரு லாரி வந்துவிடும். தூர்வாருவது வேண்டும், நிலத்தடி நீருக்கும் ஆயக்கட்டுக்கும் அது தேவை, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. என் கேள்வி எப்படி வாருகிறோம் என்பதுதான். ஜேசிபியை வைத்து ஓரத்திலேயே செங்குத்தாக ஆள் ஆழத்துக்குத் தோண்டிவிட்டால், அடுத்த வருஷம் தண்ணீர் எவ்வளவு வற்றினாலும் இரண்டு விரல் ஆழத்துச் சேறு என்று ஒன்று உருவாகவே உருவாகாது. பள்ளத்தில் தண்ணீர் நிற்கும், மேலே காய்ந்த கட்டாந்தரை. நடுவில் உள்ளானுக்கு இடமில்லை. கரைக்கு எதிர்ப்பக்கம், அதாவது தண்ணீர் உள்ளே வரும் பக்கத்தை இயற்கைச் சரிவாகவே விட்டுவிட்டு, மதகை ஒட்டிய ஆழமான பகுதியில் வண்டலை எடுத்தால் விவசாயிக்கும் தண்ணீர், பறவைக்கும் சேறு. கூடுதல் செலவு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. கிராம சபையில் தூர்வாரும் பேச்சு வரும்போது யாராவது எழுந்து இதைச் சொல்ல வேண்டும்.

பங்குனியில் பைனாகுலரோடு போகிறவர்களுக்கு ஒன்று. பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்ட் இணையதளத்தில் எண்ணிக்கையைப் பதிவதோடு நிறுத்தாமல், பறவையைப் பக்கவாட்டில் பார்த்து வயிற்றின் கோட்டைக் கவனியுங்கள். கால்களுக்குப் பின்னால் வால் வரை வயிறு உள்வாங்கி இருந்தால் இன்னும் சேர்க்கவில்லை. நேராக வந்தால் பாதி. தொங்கினாற்போல உப்பியிருந்தால் அது சீக்கிரம் கிளம்பும். தேதியோடு அதையும் குறிப்பில் எழுதுங்கள். காலையில் ஆறு மணிக்கெல்லாம் போய்விடுங்கள், வெயில் ஏறினால் கானல் நடுக்கத்தில் வயிறும் தெரியாது, காலும் தெரியாது. சூரியனை முதுகுக்கு வைத்து நின்று, கிட்டே போகாமல் தூரத்திலிருந்தே பார்த்தால் போதும். மேய்கிற பறவையை எழுப்பிவிட்டால் அது சேர்த்ததில் கொஞ்சம் அங்கேயே செலவாகிவிடும்.