உப்புக்காற்றில் ஒரு கைக்கடிகாரம்

மே 9, 2025, வெள்ளி

அப்பாவின் எச்.எம்.டி. ஜனதா இன்று நின்றுவிட்டது. காலையில் பாம்பனில் சாவி கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். மண்டபம் தாண்டுவதற்குள் முள் நகரவில்லை. கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி படர்ந்திருக்கிறது. போன ஞாயிறு சித்தப்பாவோடு வள்ளத்தில் போனபோது கழற்றாமல் விட்டது என் தப்பு. தோல் வாரின் தையல் ஓரமெல்லாம் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கிறது. வாரைப் பிடிக்கும் ஊசியை நகத்தால் தொட்டேன், துரு பொடியாக உதிர்ந்தது. மனசு கேட்கவில்லை.

மே 11, ஞாயிறு

கடலுக்கும் கல்யாணத்துக்கும் புதுக் கடிகாரம் ஒன்று வாங்கியாக வேண்டும். எட்டாயிரத்துக்கு மேல் முடியாது, தங்கச்சி கல்யாணச் செலவு இருக்கிறது. மனதில் இரண்டு. ஒன்று கேசியோ டூரோ: தண்ணீர் தாங்கும் அளவு 200 மீட்டர், பேட்டரி, திருகி மூடும் சாவி. இன்னொன்று டைட்டனில் மெல்லிசான தங்க நிறக் கடிகாரம், தோல் வார். 1984-ல் டாடாவும் நம் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய கம்பெனி, ஓசூரில் தொழிற்சாலை. அந்தப் பாசம் எனக்கு நிறையவே உண்டு.

ஆனால் அதில் போட்டிருப்பது 30 மீட்டர். அத்தனை ஆழம் போகலாம் என்று அதற்கு அர்த்தமில்லை, அசையாத நிலையில் அழுத்தம் கொடுத்துப் பார்த்த கணக்கு அது. கை கழுவலாம், தூறலில் நனையலாம். அதோடு சரி.

மே 14, புதன்

ராமநாதபுரத்தில் கடைக்குப் போய் இரண்டையும் கட்டிப் பார்த்தேன். டைட்டன் கட்டியிருப்பதே தெரியவில்லை, சட்டைக் கைக்குள் வழுக்கிக்கொண்டு போனது. டூரோ 44 மில்லிமீட்டர். முழுக்கைச் சட்டைக்குப் பொத்தான் போட வரவில்லை. கல்யாணப் பந்தலில் எது அழகு என்பதில் சந்தேகமே இல்லை.

இருந்தாலும் டூரோவின் முகப்பைச் சுற்றியிருக்கும் வளையத்தைத் திருப்பிக்கொண்டே நின்றேன். அதன் முக்கோணக் குறியை நிமிட முள்ளுக்கு நேராக வைத்துவிட்டால், அதிலிருந்து எத்தனை நிமிடம் கழிந்தது என்று தெரியும். சுற்றுக்கு 120 சொடுக்கு, ஒரு பக்கம்தான் திரும்பும். எதிலாவது இடித்துத் திரும்பினாலும் கழிந்த நேரத்தைக் கூடுதலாகத்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. தண்ணீருக்கு அடியில் இருப்பவர் சீக்கிரம் மேலே வந்துவிடுவார். இதை யோசித்துச் செய்தவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

மே 16, வெள்ளி

ஜனதாவைப் பழுது பார்ப்பவரிடம் காட்டினேன். பிரித்துக் கழுவி எண்ணெய் விட்டால் ஓடும், ரெண்டு வாரம் ஆகும் என்றார். அப்புறம் என்ன, கல்யாணத்துக்கு அப்பா கடிகாரம்தான். நேரே போய் டூரோ வாங்கிவிட்டேன்.

மே 18, ஞாயிறு

கச்சான், அந்த மேற்குக் காற்று, எழும்பிவிட்டது. தென்கடல் பக்கம் ஆகாது என்று வடகடலில் இறங்கினோம். சித்தப்பா அந்தக் காலத்தில் சங்கு குளித்தவர், கையில் கடிகாரமே கட்டியதில்லை.

“மயில்மீனா இது?” என்றார், முகப்பில் துள்ளும் மீனைப் பார்த்து. மர்லின் என்றேன், அதற்குச் சொந்தம்தான்.

“அடியில கெடக்கும்போது மணி எதுக்குடா? நெஞ்சே சொல்லும், ஏறுன்னு.”

வலை விட்டதும் வளையத்தின் முக்கோணத்தை நிமிட முள்ளுக்கு நேராக வைத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சூரியனைப் பார்த்தார், தண்ணீர் ஓட்டத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து என் மணிக்கட்டைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார்.

“எம்புட்டு ஆச்சு?”

“நாப்பது நிமிசம் சித்தப்பா.”

“இன்னும் கொஞ்சம் கெடக்கட்டும்” என்றார். கையை மட்டும் விடவில்லை.