வலமிருந்து இடமாக

ஜனவரி 4, 2025, சனி

கண்ணாடியின் பவர் மறுபடி கூடிவிட்டது. நாற்பதைத் தாண்டினால் கண்ணின் லென்ஸ் விறைப்பாகிவிடும், கிட்டத்தில் இருப்பது மங்கும், எல்லாருக்கும் நடப்பதுதான் என்றார் டாக்டர். எனக்கு 53. மகள் வேலை கிடைத்துப் போய் ஏழு மாதம் ஆகிறது. இத்தனை வருஷப் பழக்கத்தில் ஐந்தரைக்கே விழிப்பு வந்துவிடுகிறது. யாரை எழுப்ப?

ஜனவரி 12, ஞாயிறு

பார்வையில்லாத கல்லூரி மாணவிக்குப் பாடம் வாசிக்க ஆள் வேண்டும் என்று தோழி சொன்னாள். போனேன். இரண்டு மணி நேரம் வரலாறு. நடுவில், "கமா வர்ற இடத்துல கொஞ்சம் நில்லுங்கம்மா, மனசுல வாங்கிக்கணும்" என்றாள். நின்று நின்று வாசித்தேன். தொண்டை கட்டிவிட்டது. நெடுநாள் கழித்து நன்றாகத் தூங்கினேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

பார்வையற்றவர்கள் விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் எழுத்தைச் சொல்லித் தரச் சொல்லி நானே அவளிடம் கேட்டேன். ஆறே புள்ளிகள், அவற்றை மாற்றி மாற்றி வைத்தால் 63 குறிகள். லூயி பிரெயில் 1824-இல் இதை உருவாக்கியபோது அவருக்கு வயது 15. 'அ'வுக்கு ஒரே ஒரு புள்ளி. சட்டத்தில் தாளைச் செருகி, ஊசியால் வலமிருந்து இடமாகக் குத்திக்கொண்டே போக வேண்டும். தாளைத் திருப்பினால் புள்ளிகள் மேடாகி, எழுத்து இடமிருந்து ஓடும். என் முதல் வரியைத் தடவிய அவள் விரல் பாதியில் நின்றது. "இடவலம் மாறிடுச்சும்மா." அழித்து எழுத வழியில்லை. புதுத் தாள் எடுத்தேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

மனித வாழ்வை எட்டுப் பருவங்களாகப் பிரித்தார் உளவியலாளர் எரிக் எரிக்சன். ஏழாவது, நடுவயது. அடுத்து வருபவர்களுக்காக எதையாவது ஆக்குவதா, தேங்கிப்போவதா என்பதே அதன் போராட்டமாம். படித்ததும் கோபம் வந்தது. பெற்று வளர்த்தேனே, அது சேராதா? இரவு வெகுநேரம் இதே யோசனை. சேரும்தான். மகளோடு அந்த வேலை முடிந்தது என்று கணக்கை மூடியவள் நான்தான்.

மார்ச் 9, ஞாயிறு

கிளம்பும்போது ஒரு துண்டுத்தாளைக் கையில் வைத்து, "வீட்டுல போய்ப் படிங்க" என்றாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, விளக்கையும் அணைத்து, ஆள்காட்டி விரலால் தடவினேன். இரண்டு முறை வரி தவறியது. ஒரு வரியைப் படிக்கக் கால் மணி நேரம்.

"நாளைக்கு அரைமணி முன்னாடி வாங்க. பாடம் நிறைய இருக்கு."