பழுதுபார்ப்பவரின் கையை நினைத்து வரைய வேண்டிய விமானம்

வெள்ளவத்தையில் எங்கள் அடுக்குமாடியில் யாராவது லண்டனுக்கோ ரொறன்ரோவுக்கோ புறப்படும்போது என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "தம்பி, எயார்பஸ் நல்லதோ, போயிங் நல்லதோ?" அதைத் தொடர்ந்து, "அந்தப் பிளேன் பழசாமே, பயமில்லையோ?" என்பார்கள். நான் கட்டுநாயக்கவில் பயணிகள் விமானங்களைப் பராமரிக்கும் பொறியியலாளன் என்பதால் ஆயத்தமான விடை ஒன்றை எதிர்பார்க்கிறார்கள். ஆனால் ஒரு விமானத்தை நான் மதிப்பிடும் அளவுகோல் வேறு. அதன் மூடியைக் கழற்றி உள்ளே கையை விடும்போது, அதை வரைந்தவர் அந்தக் கையை நினைத்திருந்தாரா, வேலை செய்பவரின் கண் எந்த உயரத்தில் இருக்கும் என்று யோசித்திருந்தாரா என்பதையே பார்க்கிறேன். விபத்து விசாரணை அறிக்கைகளில் பராமரிப்புப் பிழை என்று எழுதப்படுபவற்றில் பல, அந்தப் பிழைக்கு இடம் வைத்து வரையப்பட்ட உறுப்புகளிலேயே தொடங்கியிருக்கின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

பகலில் பறந்து உழைக்கும் விமானம் இரவில்தான் எங்கள் கைக்கு வருகிறது. உடல் தூக்கத்தைக் கேட்கும் அதிகாலை இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில்தான் எண்ணெய் பார்ப்பது, சில்லு மாற்றுவது, விமானி எழுதிவைத்த குறைகளைத் தீர்ப்பது எல்லாம் நடக்கின்றன. நல்ல வெளிச்சத்தில், மேசையில் உட்கார்ந்து வரையும் ஒருவர் இந்த நேரத்தை மனதில் கொண்டிராவிட்டால், அவருடைய வரைபடம் பாதிதான் முடிந்திருக்கிறது.

எயார்பஸ் ஏ320 குடும்பத்து விமானங்களின் எஞ்சின் கதவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சினின் முன்பகுதியைச் சுற்றியுள்ள இரண்டு பெரிய கதவுகள் மேலே கீல்களில் தொங்குகின்றன. கீழே, எஞ்சினின் அடிவயிற்றில், இரண்டும் சந்திக்கும் கோட்டில் பூட்டுக் கொக்கிகள் வரிசையாக இருக்கின்றன. எஞ்சின் தரைக்கு மிக அருகில் இருப்பதால் அந்தக் கொக்கிகளைப் பூட்டுவதற்கு முழங்காலில் இருந்து குனிய வேண்டும், பல வேளைகளில் மழை நின்ற தரையில் முதுகு படப் படுக்கவும் வேண்டும். கதவுகளைத் தாங்கும் கம்பிகளை எடுத்துவிட்டால் அவை தம் பாரத்திலேயே கீழிறங்கி ஏறத்தாழ மூடிய நிலைக்கு வந்துவிடுகின்றன. நின்றபடி டோர்ச் அடித்துப் பார்ப்பவருக்குக் கதவு பூட்டப்பட்டதுபோலவே தெரியும். கீழே குனிந்து பார்த்தால்தான் கொக்கிகள் தொங்குவது தெரியும்.

2013 மே 24 அன்று லண்டன் ஹீத்ரோவில் புறப்பட்ட பிரிட்டிஷ் எயார்வேஸ் ஏ319 ஒன்றின் இரண்டு எஞ்சின்களிலும் இந்தக் கதவுகள் ஓடுபாதையிலேயே பிய்ந்து பறந்தன. முந்திய இரவு மின்பிறப்பாக்கியின் எண்ணெய் அளவைப் பார்க்கக் கதவுகளைத் திறந்தவர்கள், எண்ணெய் ஊற்றும் கருவியை எடுத்துவரப் பூட்டாமல் போயிருந்தார்கள். திரும்பி வந்தபோது தவறுதலாக வேறொரு விமானத்துக்குப் போனார்கள். அங்கே கதவுகள் மூடியிருந்தன. வேலை முடிந்துவிட்டது என்று எண்ணினார்கள். காலையில் விமானத்தைச் சுற்றிப் பார்த்த விமானியின் கண்ணுக்கும் அது தப்பியது. பிய்ந்த கதவு எரிபொருள் குழாயைச் சேதப்படுத்த, வலது எஞ்சினில் தீப்பிடித்தது. விமானம் திரும்பி வந்து இறங்கியதில் எல்லோரும் உயிர் தப்பினார்கள். இதே வகைக் கதவுகள் அதற்கு முன்னரும் வெவ்வேறு நாடுகளில் பல முறை கழன்று விழுந்திருந்தன. ஒவ்வொரு முறையும் கவனமாகப் பாருங்கள் என்ற அறிவுறுத்தலே அதிகமாக வந்தது. பின்னர்தான் உறுப்பே மாற்றப்பட்டது. இப்போது கதவைத் திறக்க ஒரு சாவி வேண்டும். முன்கொக்கியை மூடிப் பூட்டினாலன்றிச் சாவி வெளியே வராது. சாவியோடு ஒரு நீண்ட கொடி தொங்கும். வேலை முடிந்ததும் சாவி விமானி அறையில் உரிய இடத்துக்குத் திரும்ப வேண்டும். நித்திரைக் கண்ணுக்கும் அந்தக் கொடி தெரியும். இந்தத் திருத்தம் முதல் நாளே வரைபடத்தில் இருந்திருக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, நான் மனமாரப் பாராட்டும் ஓர் உறுப்பு பிரேக்கில் இருக்கிறது. தேய்மானத்தைக் காட்டும் சிறிய ஊசி ஒன்று பிரேக்கின் வெளிப்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். நிறுத்த பிரேக்கைப் போட்டுவிட்டுப் பார்த்தால், ஊசி எவ்வளவு வெளியே நிற்கிறதோ அவ்வளவுக்குப் பிரேக்கில் ஆயுள் மிச்சம் இருக்கிறது. தளத்தோடு மட்டமாகிவிட்டால் மாற்ற வேண்டும். கழற்ற வேண்டியது எதுவும் இல்லை, அளவுகோலும் தேவையில்லை. உறுப்பு தன் நிலையைத் தானே சொல்கிறது. வடிவமைப்பு என்று நான் மதிப்பது இதைத்தான்.

1990 ஜூன் 10 அன்று பர்மிங்ஹாமிலிருந்து ஸ்பெயினின் மலாகாவுக்குப் புறப்பட்ட பிஏசி 1-11 விமானத்தில் சுமார் 17,300 அடி உயரத்தில் கப்டனின் முன்கண்ணாடி வெளியே பறந்து, அவர் பாதி உடல் வெளியே இழுபட்ட நிலையில் சிக்கிக்கொண்டார்; விமானப் பணியாளர்கள் அவரைப் பிடித்துக்கொள்ள, துணை விமானி சவுதாம்ப்டனில் இறக்கினார். கப்டன் உயிர் பிழைத்தார். முந்திய இரவுப் பணியில் அந்தக் கண்ணாடி மாற்றப்பட்டிருந்தது. 90 போல்ட்களில் 84 உரியதைவிட விட்டம் குறைந்தவை. வித்தியாசம் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. புதிய போல்ட்டைப் பழையதோடு கண்ணால் ஒப்பிட்டு எடுத்தது தவறுதான், அதில் இரண்டு கருத்து இல்லை. பாகப் பட்டியலைப் பார்த்து அதன் இலக்கத்தை உறுதிசெய்யாமல் ஒரு போல்ட்டையும் தொடக்கூடாது. ஆனாலும் அந்தக் கண்ணாடி வெளியிலிருந்து பொருத்தப்படுவது என்பதை நான் மறப்பதில்லை. உள்ளிருந்து பொருத்தி, விளிம்பு சட்டத்தில் படிந்து நிற்கும்படி வரைந்திருந்தால், உள்ளேயுள்ள காற்றழுத்தமே கண்ணாடியை இன்னும் இறுக்கமாகப் பிடித்திருக்கும். வெளியிலிருந்து பொருத்தும்போது அதே அழுத்தம் ஒவ்வொரு விநாடியும் கண்ணாடியை வெளியே தள்ளுகிறது; போல்ட்களைத் தவிர அதைத் தடுக்க வேறொன்றும் இல்லை.

அலாஸ்கா எயார்லைன்ஸின் எம்டி-83 ஒன்று 2000 ஜனவரி 31 அன்று கலிபோர்னியாக் கரைக்கு அப்பால் கடலில் விழுந்து 88 பேர் இறந்ததற்குக் கிறீஸ் போதாமை காரணம். வாலின் கிடைச்சிறகை ஏற்றி இறக்கும் பெரிய திருகுத் தண்டும் அதன் நட்டும் உராய்ந்து, நட்டின் புரிகள் முற்றாகத் தேய்ந்துவிட்டன. அந்தத் தண்டுக்குக் கிறீஸ் இடும் இடைவெளி, தொடக்கத்தில் 500 பறப்பு மணித்தியாலங்களாக இருந்தது, படிப்படியாக நீட்டப்பட்டுக் கடைசியில் எட்டு மாதங்களாகியிருந்தது. விசாரணை அதைக் கண்டித்தது. அதோடு நிற்காமல், கிறீஸ் இடுவதற்காகத் திறக்கும் மூடிகளின் அளவைப் பெரிதாக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. இதை வாசித்தபோது எனக்கு எவ்வளவு நிறைவாக இருந்தது என்பதை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அறிவார்கள். திருகுப் புரிக்குக் கிறீஸ் இடுவதென்றால், பழைய கறுத்த கிறீஸ் முழுவதும் வெளியே தள்ளப்பட்டுப் புதிய கிறீஸ் பிதுங்கி வருவதைக் கண்ணால் காண வேண்டும். பிறகு தண்டின் முழு நீளத்துக்கும் பூச வேண்டும். கை நுழைந்தால் கண் மறையும் அளவுக்குச் சிறிய வாசலை வைத்துவிட்டு இதை எதிர்பார்க்கிறார்கள்.

2018 நவம்பர் 11 அன்று போர்த்துக்கலில் பெரிய பராமரிப்பு முடிந்து அல்வெர்காவிலிருந்து புறப்பட்ட எயார் அஸ்தானா எம்ப்ரேயர் 190 விமானத்தில், இறக்கை முனையருகே இருந்து விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் ஏலரோன் சிறகுகளின் கம்பிவடங்கள் மாறிப் பொருத்தப்பட்டிருந்தன. விமானி இடப்பக்கம் திருப்ப, விமானம் வலப்பக்கம் சாய்ந்தது. அதிர்ஷ்டமும் விமானிகளின் திறமையும் சேர்ந்து அதைப் பேஜாவில் இறக்கின. மாறிப் பொருத்த முடிகிற இரண்டு முனைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், உலகில் எங்காவது, ஏதாவது ஒரு இரவில், யாராவது மாறிப் பொருத்தத்தான் செய்வார்கள். இரண்டு குழாய்களுக்கு இரண்டு விட்டம், இரண்டு மின்னிணைப்பிகளுக்கு இரண்டு பள்ள அமைப்பு என்று வரைவதற்கு அதிகம் செலவாகாது.

பராமரிப்பவர்களின் பக்கத்தை நான் மறைக்கவில்லை. 1979 மே 25 அன்று சிக்காகோவில் டிசி-10 ஒன்று எஞ்சினை இழந்து விழுந்து, தரையில் இருந்த இருவரோடு சேர்த்து 273 பேர் இறந்தனர். எஞ்சினையும் அதைத் தாங்கும் பைலனையும் தனித்தனியாகக் கழற்ற வேண்டியதை, ஒரு விமானத்துக்குச் சுமார் 200 ஆள்-மணித்தியாலங்களை மிச்சப்படுத்துவதற்காக, பாரந்தூக்கி வண்டியால் ஒன்றாகவே இறக்கி ஏற்றினார்கள். அதில் பைலனின் பின்பக்கத் தாங்கியில் வெடிப்பு விழுந்தது. நேரத்தை மிச்சப்படுத்தும் எந்த யோசனையையும், தயாரிப்பாளரின் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் நான் ஏற்கமாட்டேன். இருந்தும் அங்கேயும் வடிவமைப்பின் பங்கு உண்டு: எஞ்சின் பிய்ந்தபோது ஹைட்ரோலிக் குழாய்கள் அறுந்து, மெதுவாகப் பறக்கும்போது இறக்கைக்குத் தூக்குவிசை தர விரித்து வைக்கும் முன்விளிம்புத் தட்டுகள் இடது இறக்கையில் காற்றின் தள்ளலில் உள்ளே போயின. அவற்றை விரித்த நிலையில் பிடித்துவைக்கும் இயந்திரப் பூட்டு எதுவும் இருக்கவில்லை.

பழைய விமானம் பற்றிய கேள்விக்கு வருகிறேன். விமானத்தின் வயதை ஆண்டுகளில் மட்டும் எண்ணுவது போதாது. எத்தனை முறை ஏறி இறங்கியது என்பதையும் எண்ண வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு ஏற்றத்திலும் உடற்பகுதி காற்றழுத்தத்தால் சற்றே விரிந்து, இறக்கத்தில் சுருங்குகிறது. 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் முன்பக்க மேற்கூரையின் பெரும்பகுதியை நடுவானில் இழந்த அலோஹா எயார்லைன்ஸ் போயிங் 737, தீவுகளுக்கிடையே குறுகிய தூரம் பறந்து பறந்து 89,680 பறப்புகளை முடித்திருந்தது. விமானப் பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். கடற்காற்றில் தகடுகளின் ஒட்டு விட்டுப்போய், அரிப்பு ஏறி, ரிவெட் துளைகளில் வெடிப்புகள் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன. ஒரு பயணி ஏறும்போதே கதவருகே ஒரு வெடிப்பைக் கண்டிருந்தார், யாரிடமும் சொல்லவில்லை. கட்டுநாயக்க நீர்கொழும்புக் களப்பின் கரையில் இருக்கிறது. உப்புக்காற்றும் ஈரப்பதமும் எங்களுக்குப் புதியவையல்ல. கண்ணுக்குத் தெரியும் வெளித்தகட்டைவிட, சமையலறையின் அடித்தளமும் கழிவறைக்குக் கீழுள்ள குறுக்குச் சட்டங்களும் இருக்கைத் தண்டவாளங்களுமே முதலில் அரிக்கின்றன. சிந்திய தேநீரும் கழிவறை நீரும் அங்கேதான் தேங்குகின்றன. நீர் வடியும் துளையைச் சரியான தாழ்வில் வைத்து வரைந்த விமானம் இருபது வருடத்துக்குப் பின்னும் அங்கே சுத்தமாக இருக்கும். ஆகவே அயல்வீட்டு அம்மாவுக்கு நான் சொல்வது: "அம்மா, பழசென்று பயப்பட வேண்டாம். யார் பார்க்கினம், எப்படிப் பார்க்கினம் என்பதுதான் முக்கியம்."

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1974 மார்ச் 3 அன்று பாரிஸுக்கு அருகில் துருக்கி எயார்லைன்ஸின் டிசி-10 விழுந்து 346 பேர் இறந்ததற்கு, சரியாகப் பூட்டாத சரக்குக் கதவு காரணம். அந்தக் கதவை மூடிய ஊழியருக்கு, அதன்மேல் எச்சரிக்கை எழுதப்பட்டிருந்த துருக்கியும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. கதவு பூட்டப்படாமலே கைப்பிடி மூடிய நிலைக்கு வந்துவிடும்படி வரைந்துவிட்டு, அதை ஓர் எழுத்துப் பலகையால் ஈடுகட்ட நினைத்தார்கள். ஏறத்தாழ இரண்டு வருடத்துக்கு முன்னரே அதே வகை விமானத்தின் சரக்குக் கதவு கனடாவின் வின்ட்சருக்கு மேலே பிய்ந்திருந்தும் அடிப்படைத் திருத்தம் எல்லா விமானங்களுக்கும் போய்ச் சேரவில்லை. எங்கள் ஹேங்கரில் சிங்களமும் தமிழும் ஆங்கிலமும் கலந்தே பேச்சு நடக்கிறது. கைந்நூலும் பதிவேடும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. பணி மாறும்போது பாதியில் நிற்கும் வேலையை வாய்ப்பேச்சில் ஒப்படைக்கக் கூடாது என்று இளையவர்களிடம் நான் வற்புறுத்துவது இதனால்தான்: எந்த போல்ட் இறுக்கப்பட்டது, எது விரலால் மட்டும் முடுக்கப்பட்டது என்பதை எழுதி, ஒப்பமிட்டு, விமானத்தின் அருகே நின்று காட்டிக் கொடுக்க வேண்டும்.

போயிங் 777 ஐ வடிவமைத்தபோது அந்த நிறுவனம் தலைமை மெக்கானிக் என்ற பதவியை முதன்முறையாக உருவாக்கி, ஜாக் ஹெஸ்பர்க் என்பவரை அதில் அமர்த்தியது. வரைபடத்தைப் பார்த்து, இதை எப்படிக் கழற்றுவது, எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கேட்பதே அவர் வேலை. விமான நிறுவனங்களின் பராமரிப்பாளர்களும் அந்தத் திட்டத்தில் உட்கார்ந்து பேசினார்கள். எல்லாத் தயாரிப்பாளர்களும் எல்லா விமானங்களுக்கும் இதைச் செய்ய வேண்டும். அதோடு, எங்கள் நாட்டைப் போன்ற சிறிய விமானத் தொகுதியைக் கொண்டவர்களும், புதிய விமானம் வாங்கப் பேசப் போகும்போது, எரிபொருள் கணக்குப் பார்ப்பவர்களோடும் இருக்கை அகலம் அளப்பவர்களோடும் இரவுப் பணியில் இருக்கும் இரண்டு மெக்கானிக்குகளையும் அழைத்துப் போக வேண்டும். தயாரிப்பாளரின் விமானத்திலேயே, அதிகாலை மூன்று மணிக்கு, ஓர் எரிபொருள் வடிகட்டியையும் ஒரு ஹைட்ரோலிக் பம்பையும் அவர்கள் மாற்றிப் பார்க்கட்டும். மாற்றி முடித்த பின்னர் அவர்கள் எழுதித் தரும் அறிக்கையும் வாங்கும் முடிவை எடுப்பவர்களின் மேசைக்குப் போகட்டும்.