பழைய பிலிமில் அசைவைத் தேடுங்கள்

பாட்டு வரியில் ரயில் என்று வந்தால் ஒரு நீராவி ரயில். மழை என்று வந்தால் குடை பிடித்த கூட்டம். தனிமை என்றால் ஜன்னலோரம் ஒரு பெண். காப்பகக் காட்சிகளை வைத்துச் செய்யும் மியூசிக் வீடியோக்கள் பல இப்படித்தான் தொகுக்கப்படுகின்றன. முதல் சரணம் முடிவதற்குள் பார்ப்பவர் இந்த விதியைப் பிடித்துவிடுவார். அதன் பிறகு அடுத்த படம் என்னவென்று அவருக்கு முன்பே தெரியும், பாட்டும் மெதுவாகச் செத்துவிடும்.

பழைய ஃபுட்டேஜை அசைவை வைத்துத் தேட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பொருள் அப்புறம் தானாக வரும். அசைவு இடமிருந்து வலமா, கேமராவை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா? ஆளின் பார்வை எந்தப் பக்கம்? கை எந்த ஃப்ரேமில் எழுந்து எந்த ஃப்ரேமில் இறங்குகிறது? வெட்டும்போது உதவுவது இந்தத் தகவல்கள்தான். 1958ல் அமெரிக்கரான ப்ரூஸ் கானர் பழைய செய்திப்படங்களையும் மலிவு விலைப் பிலிம் சுருள்களையும் மட்டும் ஒட்டி 12 நிமிடப் படம் ஒன்றை உருவாக்கினார். அதில் ஒரு நீர்மூழ்கிக் கப்பல் அதிகாரி பெரிஸ்கோப்பில் கண்ணை வைக்கிறார். அடுத்த ஷாட்டில் வேறெங்கோ எடுத்த ஒரு பெண். அடுத்து டார்பிடோ பாய்கிறது. மூன்றும் மூன்று சுருள்கள். பார்வையின் திசை மட்டுமே அவற்றைக் கட்டிப்போடுகிறது. இதே கானர்தான் 1978ல் டீவோ இசைக்குழுவின் பாட்டு ஒன்றுக்கு இதே முறையில் படம் தொகுத்தார். தொலைக்காட்சியில் மியூசிக் வீடியோ அலைவரிசைகள் வருவதற்கு முந்தைய வேலை அது.

தமிழில் இந்த வேலையைப் பெரிய அளவில் செய்தவர் ஏ.கே. செட்டியார். காந்தியைப் பற்றிய படத்துக்காகப் பல நாடுகளில் அலைந்து சுமார் 50,000 அடி பிலிம் திரட்டி, அதை 12,000 அடியாகச் சுருக்கி, தமிழ் வர்ணனையோடு 1940ல் வெளியிட்டார். 35 எம்.எம். பிலிம் ஒலிப்பட வேகத்தில் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். அப்படிப் பார்த்தால் ஒன்பது மணி நேரத்துக்கு மேலான படத்திலிருந்து இரண்டேகால் மணி நேரம்: நாலுக்கு ஒன்று. இந்த விகிதம் இன்றைக்கும் நல்ல அளவுகோல். மூன்றரை நிமிடப் பாட்டுக்குச் சராசரி ஷாட் 3 நொடி என்றால் 70 ஷாட் தேவை. குறித்து வைக்க வேண்டியது 280. இதற்குக் குறைவாக வைத்துக்கொண்டு எடிட்டிங் மென்பொருளில் டைம்லைனை (ஷாட்களை வரிசையாக அடுக்கும் பட்டையை) திறந்தால், இரண்டாவது சரணத்தில் கையில் சரக்கு தீர்ந்து, வந்த ஷாட்டே திரும்ப வரும்.

குறிப்பேடு ஒரு சாதாரண ஸ்ப்ரெட்ஷீட் போதும். கோப்பின் பெயர், எடுத்த பக்கத்தின் முகவரி, தொடக்க முடிவு டைம்கோடு (மணி, நிமிடம், நொடி, ஃப்ரேம்), ஷாட் அளவு, அசைவின் திசை, மூல ஃப்ரேம் வேகம், உரிமை நிலை. ‘பெண், சமையலறை’ என்று எழுதிவைத்தால் வெட்டும் நேரத்தில் பயன்படாது. ‘வலது கை, மேலிருந்து கீழ், மிட் ஷாட், 11 ஃப்ரேம்’ என்று எழுதினால் அதே திசையில் இறங்கும் சுத்தியலோடும் விமானத்தோடும் அந்தக் கை சேரும்.

இனி எங்கே எடுப்பது. ரிக் ப்ரெலிங்கர் 1980களிலிருந்து சேகரித்த பாடப்படங்கள், தொழிற்சாலைப் படங்கள், விளம்பரங்கள், வீட்டுப் படங்கள் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகத்தில் கிடக்கின்றன. அமெரிக்கத் தேசியக் காப்பகத்தில் யுனிவர்சல் நியூஸ்ரீல் தொகுப்பு இருக்கிறது, 1929 முதல் 1967 வரை. நாசாவின் படங்களுக்குப் பெரும்பாலும் பதிப்புரிமை கிடையாது. ஆனால் அதன் சின்னத்தைப் பயன்படுத்தக் கூடாது, அடையாளம் தெரியும் ஆட்களை விளம்பரத்துக்கு இழுக்கக் கூடாது, அந்த வீடியோக்களில் ஓடும் இசை வேறொருவருடையதாக இருக்கலாம். பிரிட்டிஷ் பாத்தே 2014ல் 85,000 படங்களை யூடியூபில் ஏற்றியது. நம் ஃபிலிம்ஸ் டிவிஷன் படங்களும் யூடியூபில் பார்க்கக் கிடைக்கின்றன. இவை இரண்டும் பார்ப்பதற்கு மட்டுமே, எடுத்துப் பயன்படுத்த உரிமம் வாங்க வேண்டும்.

இன்டர்நெட் ஆர்க்கைவில் இறக்கும்போது பக்கத்தில் முதலில் தெரியும் சிறிய எம்பி4 கோப்பை எடுக்காதீர்கள். அது தளமே சுருக்கிச் செய்த நகல். ‘எல்லாக் கோப்புகளும்’ பட்டியலைத் திறந்து, மூலம் என்று குறித்திருப்பதை எடுங்கள். பழைய பதிவேற்றங்களில் அது பெரும்பாலும் எம்பெக்2. அளவு பல மடங்கு இருக்கும், ஆனால் இருட்டான பகுதிகளில் கட்டம் கட்டமாக உடையாது.

அடுத்தது ஃப்ரேம் வேகம். பெரும்பாலான வேலைகள் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். நொடிக்கு 24 ஃப்ரேமில் எடுத்த பிலிமை அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக 29.97க்கு மாற்றும்போது, நாலு பிலிம் ஃப்ரேமை ஐந்து வீடியோ ஃப்ரேமாகப் பரப்புவார்கள். கோப்பை ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திப் பாருங்கள்: மூன்று ஃப்ரேம் சுத்தமாகவும் அடுத்த இரண்டு சீப்புப் பல் மாதிரிக் கோடு கோடாகவும் தெரிந்தால் இந்த வகைதான். இதற்கு டீஇன்டர்லேஸ் பட்டனை அழுத்தினால் கோடுகள் போகும், உபரி ஃப்ரேம் போகாது. 24 டைம்லைனில் கேமரா நகரும் ஷாட்டெல்லாம் விட்டுவிட்டுத் துள்ளும். செய்ய வேண்டியது இன்வர்ஸ் டெலிசினி, அதாவது பரப்பியதைத் திரும்பச் சேர்த்து உபரி ஃப்ரேமை நீக்குவது. எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில் முதலில் ஃபீல்ட்மேட்ச், பிறகு டெசிமேட் என்று இரண்டு ஃபில்டர்களை இந்த வரிசையிலேயே கொடுத்தால் மூலத்தின் 24 ஃப்ரேம், கோப்பில் 23.976 ஆக, திரும்பக் கிடைக்கும். இதன் பிறகே வெட்ட ஆரம்பிக்க வேண்டும்; வெட்டிய துண்டுகளில் அந்த ஐந்து ஃப்ரேம் வரிசை அறுந்துபோயிருக்கும்.

வீடியோ கேமராவிலேயே எடுத்த பழைய தொலைக்காட்சிப் பதிவு வேறு வகை. அதில் ஒவ்வொரு ஃபீல்டும் (ஒற்றைக் கோடுகளோ இரட்டைக் கோடுகளோ மட்டும் கொண்ட அரை ஃப்ரேம்) தனித்தனி நொடித்துளி. அதற்கு டீஇன்டர்லேஸ்தான் சரி, பி.டபிள்யூ.டி.ஐ.எஃப். ஃபில்டர் நன்றாக வேலை செய்கிறது. ஐரோப்பிய மாற்றுப் பிரதி என்றால் 24 ஃப்ரேம் பிலிமை அப்படியே 25ல் ஓட்டியிருப்பார்கள். படம் 4 சதவீதம் வேகம், குரலும் அதற்கேற்ப ஏறியிருக்கும். கிளிப்பின் வேகத்தை 24 என்று மாற்றினால் இரண்டும் இறங்கிவிடும். யூடியூபிலிருந்து எடுத்த கோப்பில் இரண்டு உருவம் ஒன்றன்மேல் ஒன்று மங்கலாகக் கலந்திருந்தால் மேற்கொண்டு உழைக்காதீர்கள். அதைச் சுத்தமாகப் பிரிப்பது கடினம், வேறு பிரதி தேடுங்கள்.

மௌனப் படக் காலத்துக் காட்சிகளில் ஆட்கள் ஓட்டமும் நடையுமாக இருப்பதற்குக் காரணம், 16 அல்லது 18 ஃப்ரேமில் எடுத்ததை 24ல் ஓட்டுவது. பிரீமியர் எடிட்டிங் மென்பொருளில் இன்டர்பிரெட் ஃபுட்டேஜில் 16 என்று கொடுத்தால் போதும். 24 டைம்லைனில் ஒரு ஃப்ரேம் இரண்டு முறையும் அடுத்தது ஒரு முறையும் வரும், கண் அதை ஏற்றுக்கொள்ளும். அதற்கு முன் ஒருமுறை நகர்த்திப் பார்த்துவிடுங்கள், காப்பகமே ஏற்கெனவே ஃப்ரேம்களை இரட்டித்து வேகத்தைச் சரிசெய்திருக்கலாம். இடைப்பட்ட ஃப்ரேம்களைக் கணித்துப் புதிதாக உருவாக்கும் ஆப்டிகல் ஃப்ளோவை மட்டும் தொடாதீர்கள். கீறலையும் தூசியையும் அது உடலின் அசைவு என்று நினைத்துக்கொள்ளும், விரல்கள் உருகி வழியும்.

அளவைப் பற்றிச் சுருக்கமாக: 720×480 கோப்பு சதுரப் பிக்சலில் 640×480, 720×576 கோப்பு 768×576. இதைச் சரிசெய்யாவிட்டால் எல்லா முகமும் அகலமாகவோ ஒல்லியாகவோ தெரியும். 4:3 படத்தை 16:9ல் நிரப்பினால் உயரத்தில் கால் பங்கு போகும், பெரும்பாலும் தலைதான் போகும். ரீல்ஸுக்காக 9:16 ஆக்கினால் அகலத்தில் 42 சதவீதம்தான் மிஞ்சும். இரு பக்கமும் கறுப்பு விட்டு 1440×1080ல் வைப்பதே நல்லது. ஏஐ மூலம் பெரிதாக்கும்போது தூரத்து முகங்களுக்கு இல்லாத கண்ணும் பல்லும் முளைக்கும். உண்மையில் வாழ்ந்த ஒருவரின் முகத்துக்கு அப்படிச் செய்வது எனக்கு ஒப்பவில்லை. பெரிதாக்கிய பிறகு ஷார்ப்பன் போடாமல், எல்லா ஷாட்டுக்கும் மேலே ஒரே கிரெய்னை (பிலிமின் பொடிப்பொடிப் புள்ளிகளை) மெல்லியதாகப் போட்டால் பல சுருள்களும் ஓரளவு ஒரே படமாகச் சேரும். செயற்கைக் கீறல் ஓவர்லே வேண்டாம், அதே கீறல் பத்து நொடிக்கு ஒருமுறை திரும்ப வருவதைக் கண் கண்டுபிடித்துவிடும்.

பழைய கலர் பிலிம் செம்மை ஏறியிருப்பதற்குக் காரணம் சயான் சாயம் முதலில் வெளுப்பது. சிவப்பைக் குறைப்பதோடு நிறுத்தாமல், சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சேனல்களின் கறுப்பையும் வெளுப்பையும் வேவ்ஃபார்ம் என்ற ஒளி அளவு வரைபடத்தில் தனித்தனியாக ஒரே மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு சுருளையும் இப்படிச் சமன் செய்த பிறகே மொத்தப் பாட்டுக்கான நிறத்தை மேலே போட வேண்டும்.

தாளத்துக்கு வருவோம். 24 ஃப்ரேம் டைம்லைனில் ஒரு தாள அடிக்கு எத்தனை ஃப்ரேம் என்று அறிய 1440ஐ பிபிஎம்மால் (நிமிடத்துக்கு எத்தனை அடி) வகுங்கள். 120க்கு 12, 96க்கு 15, 90க்கு 16. 100 என்றால் 14.4, இதை 14 என்று வைத்தால் பத்து அடியில் 4 ஃப்ரேம் விலகிவிடும். 25 ஃப்ரேம் டைம்லைனில் அதே 100க்குச் சரியாக 15. அதனால் பாட்டின் வேகத்தைப் பார்த்த பிறகு டைம்லைனின் வேகத்தைத் தீர்மானிப்பது புத்திசாலித்தனம். கிளிக் (வேகத்தைச் சீராக வைக்கும் மெட்ரோனோம் ஒலி) இல்லாமல் பதிவான பறைக்கும் தவிலுக்கும் இந்தக் கணக்கு செல்லாது. ஒலியின் வேவ்ஃபார்மைப் பார்த்துக் கையால் டைம்லைனில் மார்க்கர் (குறி) போடுங்கள்.

மார்க்கர் போட்டதும் எல்லா வெட்டையும் அதன்மேல் வைக்கத் தோன்றும். அங்கேதான் வீடியோ இயந்திரத்தனமாகிறது. தாளத்தில் விழ வேண்டியது அசைவின் உச்சம். சுத்தியல் ஆணியைத் தொடும் ஃப்ரேம், கதவு சாத்தும் ஃப்ரேம், நீச்சல்காரர் தண்ணீரைக் கிழிக்கும் ஃப்ரேம் ஆகியவற்றை மார்க்கரில் வையுங்கள். வெட்டு அதற்கு 6 முதல் 8 ஃப்ரேம் முன்னால் வரட்டும். கை எழுவதைக் கண் பார்த்திருந்தால்தான் அடி விழும்போது காதும் கண்ணும் சேரும். பல்லவி திரும்பும்போது அதே ஷாட்டைப் போடாமல், அதே திசை அசைவுள்ள வேறு ஷாட்டை அதே இடத்தில் வைத்துப் பாருங்கள்.

வெள்ளை ஃபிளாஷ், சுருளின் தொடக்கத்தில் எண் இறங்கும் லீடர் துண்டுகளை வேகமாக வெட்டும்போது நொடிக்கு மூன்று முறைக்கு மேல் ஒளி மின்னக் கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு அது ஆபத்து. எண் லீடரையும் அணுகுண்டுக் காளானையும் இன்னும் சில வருடம் ஓய்வில் விடலாம் என்பதும் என் எண்ணம். அவை எந்தப் பாட்டில் வந்தாலும் அந்தப் பாட்டுக்கு என்று ஒன்றும் சொல்வதில்லை.

குறும்படத்தில் பழைய வர்ணனைக் குரலைப் பயன்படுத்துவதானால், 16 எம்.எம். பிலிமின் ஓரத்தில் ஒளித்தடமாகப் பதிந்த ஆப்டிகல் ஒலியில் சுமார் 5, 6 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இருப்பது பெரும்பாலும் இரைச்சல். மேலே அதையும் கீழே 100 ஹெர்ட்ஸையும் வெட்டினாலே குரல் தெளியும். நாய்ஸ் ரிடக்‌ஷனை 6 முதல் 9 டெசிபல் வரை நிறுத்துங்கள், தாண்டினால் பேசுபவர் தண்ணீருக்குள் இருப்பது போலக் கேட்கும். மௌனக் காட்சிக்குக் காலடி ஓசை சேர்க்கும்போது எல்லாக் காலுக்கும் சேர்க்க வேண்டாம். முன்னால் நடப்பவருக்கு மட்டும் போதும்.

காலனி ஆட்சிக் காலத்துப் படங்களில் தோட்டத் தொழிலாளரும் பழங்குடியினரும் கேட்கப்படாமல் படம்பிடிக்கப்பட்டவர்கள். போர்க் காட்சிகளில் இருப்பவர்களின் குடும்பத்தார் இன்றும் இருக்கிறார்கள். முள்ளிவாய்க்கால் காட்சிகளில் அடையாளம் தெரியும் முகத்தை, அதிலும் இறந்தவரின் உடலை, ஒரு பாட்டின் உணர்ச்சியைக் கூட்டுவதற்காக எடுக்கக் கூடாது. படம் அவர்களைப் பற்றியதாக இருந்தால் இடமும் காலமும் சொல்லி, உறவினர்களை அடைய முடிந்தால் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

உரிமை. இந்தியச் சட்டத்தில் திரைப்படத்துக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டு. 1965ல் வந்த படத்துக்கு 2025 டிசம்பரோடு முடிகிறது. அதில் உள்ள பாடல் வரிக்கும் இசைக்கும் கணக்கு தனி: ஆசிரியர் இறந்த பின் 60 ஆண்டு. அதனால் படம் கிடைத்தாலும் பாட்டு கிடைக்காமல் போகலாம். மேலும் 1996 தொடக்கத்தில் இங்கே உரிமை நடப்பில் இருந்த படங்களுக்கு அமெரிக்காவில் 95 ஆண்டுக் கணக்கு ஓடலாம். யூடியூபில் ஏற்றுபவர் இதை மறக்கக் கூடாது. கிரியேட்டிவ் காமன்ஸ் பொது உரிமத்தில் ‘மாற்றக் கூடாது’ என்ற நிபந்தனையுள்ள பாட்டுக்குப் படம் சேர்ப்பதே மாற்றமாகக் கருதப்படும். விலைக்கு வாங்கும் காட்சி என்றால் வாட்டர்மார்க் பிரதியில் இறுதி வெட்டு வரை முடித்துவிட்டு, ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னும் பின்னும் ஒரு நொடி கூடுதலாகக் கேட்டு முழுத் தர மாஸ்டர் பிரதி வாங்குங்கள்.

பப்ளிக் டொமைன் (யாருக்கும் பதிப்புரிமை இல்லாத) காட்சிக்கும் யூடியூபில் உரிமைக் கோரிக்கை வரும். பல நேரம் காரணம் பழைய செய்திப்படத்தின் பின்னணி இசை. மூல ஒலியை முழுக்க நீக்கிவிட்டால் அவை குறையும். மிச்சத்துக்கு, இறக்கிய பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டைத் தேதியோடு குறிப்பேட்டில் இணைத்து வைத்திருந்தால் மறுப்பு எழுத எளிது. மறுப்புக்குப் பதில் சொல்ல எதிர்த்தரப்புக்கு 30 நாள் உண்டு. ஆகவே வெளியீட்டுத் தேதிக்குக் குறைந்தது ஐந்து வாரம் முன்பே, தேடலில் வராதபடி ‘அன்லிஸ்டெட்’ ஆக ஏற்றி வைத்துவிடுங்கள்.