ஸ்டார்ட்அப் ஆஃபரில் கையெழுத்துப் போடும் முன்

ஸ்டார்ட்அப்பில் சேரலாமா என்று கேட்கிறவர்கள் முதலில் காட்டுவது ஆஃபர் லெட்டரில் உள்ள ஈசாப் எண்ணைத்தான். ஈசாப் என்றால், கம்பெனியின் பங்கைப் பின்னாளில் குறித்த விலைக்கு வாங்கிக்கொள்ள ஊழியருக்குத் தரும் உரிமை. 10,000 பங்கு! ஆனால் மொத்தம் எத்தனை பங்கில் 10,000 என்று தெரியாதவரை அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மொத்தம் 1 கோடி பங்கு என்றால் உங்களுடையது 0.1 சதவீதம். பிறகு கம்பெனி இரண்டு முறை முதலீடு வாங்கி, ஒவ்வொரு முறையும் 20 சதவீதப் பங்கைக் கொடுத்தால் அது 0.064 ஆகச் சுருங்கும். கம்பெனி 50 கோடிக்கு விலைபோனால் 3.2 லட்சம் வரும் என்று தோன்றும். வராது. முதலீட்டாளர்கள் போட்டது 30 கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். போட்டதை முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமை பெரும்பாலும் அவர்கள் ஒப்பந்தத்திலேயே இருக்கும். மீதி 20 கோடியைத்தான் மற்றவர்கள் பிரித்துக்கொள்ள வேண்டும். முதலீட்டாளர்களின் பங்கு இதில் சேராததால் உங்களுடையது மறுபடி 0.1 சதவீதம், அதாவது 2 லட்சம். பங்கை வாங்கும் விலையும் வரியும் அதிலேயே போக வேண்டும்.

இந்த உரிமை கொஞ்சம் கொஞ்சமாக உங்களுடையதாகும் காலம்தான் வெஸ்டிங். அது வழக்கமாக 4 வருடம், அதில் எதுவுமே கைக்கு வராத முதல் வருடம் கிளிஃப். 11ஆம் மாதம் கிளம்பினால் ஒரு பங்குகூடத் தேறாது. வேலையை விட்ட 90 நாளுக்குள் சொந்தப் பணம் போட்டு வாங்காவிட்டால் எல்லாம் போய்விடும் என்ற ஷரத்தும் பல இடங்களில் உண்டு. அதனால் ஈசாப்பைப் பூஜ்யம் என்றே வைத்து, சம்பளம் மட்டும் கட்டுப்படியாகுமா என்று பாருங்கள்.

அந்தச் சம்பளம் எத்தனை மாதம் வரும்? கம்பெனியின் கையிருப்பை, வரவு போக மாதாமாதம் கரையும் நிகரச் செலவால் வகுங்கள். 6 கோடி இருந்து மாதம் 50 லட்சம் கரைந்தால் 12 மாதம். அடுத்த முதலீடு கைக்கு வர ஆறு மாதமாவது ஆகலாம் என்பதால், நிம்மதியாக இருக்கக்கூடியது அதில் பாதிதான். இன்டர்வியூவில் தயங்காமல் கேளுங்கள். மழுப்பினால் அதுவே பதில்.

இவ்வளவுக்குப் பிறகும் சேரலாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒரு வாடிக்கையாளருக்கு ஒரே ஆர்டருக்கு இரண்டு முறை பணம் கழிந்துவிட்டது என்று வையுங்கள். பெரிய நிறுவனத்தில் அது வேறு டீமின் டிக்கெட். இங்கே சர்வரில் நடந்ததைக் காட்டும் பதிவைத் (லாக்) திறப்பதும் நீங்கள், பணத்தைத் திருப்புவதும் நீங்கள், அவரிடம் போனில் பேசுவதும் நீங்கள். சர்வரின் பதில் தாமதமாகி, ஆப் அதே கோரிக்கையை மறுபடி அனுப்பியிருக்கிறது என்று கண்டுபிடிக்கும்போது, பணம் போகும் பாதை முழுவதும் உங்களுக்குப் புரிந்துவிடும்.

ஆபத்தும் அதே இடத்தில்தான். முதல் அழுத்தலுக்குப் பின் ஆப்பில் பணம் கட்டும் பட்டனை முடக்கிவிட்டால் சரியாகிவிட்டதுபோலத் தெரியும். ஆனால் சர்வர் இன்னமும் இரட்டைக் கோரிக்கையை ஏற்கும். ஒவ்வொரு ஆர்டருக்கும் தனி அடையாள எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் சர்வரே பணம் எடுக்காமல் தடுக்க வேண்டும். இதைச் சொல்ல அனுபவசாலி ஒருவர் நீங்கள் எழுதும் புரோகிராமைப் படிக்க வேண்டும். ஆகவே சேரும் முன் கேளுங்கள்: என் புரோகிராமை ரிவ்யூ செய்யப்போவது யார்? அவரோடு ஒரு மணி நேரம் பேச ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.