ஆறாம் தலைமுறை வரை

நெல்லில் இரண்டு ரகங்களைக் கலப்பது ஒரு மாலையிலும் மறுநாள் காலையிலும் முடிந்துவிடும் வேலை. தாயாகத் தேர்ந்த கதிரில், மறுநாள் மலரவிருக்கும் பூக்களின் உமி நுனியைக் கத்தரித்து, உள்ளிருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் இடுக்கியால் ஒன்றுவிடாமல் எடுத்து, கதிருக்குக் காகித உறை மாட்டிவிட வேண்டும். மறுநாள் முற்பகலில், பூத்து நிற்கும் தந்தைக் கதிரை அதன்மேல் மெல்ல உதறினால் போதும். ஒரு பை தப்பினாலும் அந்தப் பூ தன் மகரந்தத்தாலேயே சூல்கொண்டுவிடக்கூடும்.

இப்படிக் கிடைத்த விதையில் வளரும் முதல் தலைமுறை ஒரே அச்சில் வார்த்ததுபோல் நிற்கும். அதைக் கண்டு, ரகம் கைக்கு வந்துவிட்டதென விதை எடுத்து வைப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதைக்கிறது. அந்த விதையை மறுபோகம் விதைத்தால் குட்டையும் நெட்டையும், முந்திக் கதிர்விடுவதும் பிந்தி விடுவதும், சன்னமும் மோட்டாவுமாகப் பிரிந்துவிடும். தன்மகரந்தச் சேர்க்கையில் ஒவ்வொரு தலைமுறைக்கும் கலப்புநிலை, அதாவது ஒரு பண்புக்கான இரு மரபணுக்களும் வேறுபட்டிருக்கும் நிலை, பாதியாகக் குறைவதால், இரண்டாம் தலைமுறையில் 50 விழுக்காடாக இருப்பது ஆறாம் தலைமுறையில் ஏறத்தாழ 3 விழுக்காடாகிறது. அதுவரை பொறுத்தே ஆக வேண்டும்.

இரண்டாம் தலைமுறையில் தனிச்செடியின் விளைச்சலைப் பார்த்துத் தேர்வு செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. வரப்போரச் செடிக்கு வெயிலும் உரமும் கூடுதலாகக் கிடைப்பதால் அது கண்ணை ஏமாற்றும். உயரம், வயது, அரிசியின் வடிவம் ஆகியவற்றையே அப்போது பார்க்க வேண்டும். நம் சம்பாவுக்குத் தண்டின் உறுதியை இவற்றுக்கும் முன்னால் வைப்பேன், ஏனெனில் வடகிழக்குப் பருவமழையில் சாயும் பயிர் எத்தனை மணி பிடித்தாலும் வீண்தான். பிறகு ஒரு கதிருக்கு ஒரு வரிசை என நட்டு, வரிசைக்குள்ளேயே வேறுபாடு காட்டும் குடும்பங்களைத் தயங்காமல் ஒதுக்கிவிட வேண்டும்.

ஆடுதுறையில் உருவான ஏடிடி 27 என்ற நெல் ரகம், ஜப்பானிய நெல்லான நோரின் 10-ஐயும் நம் ஜிஇபி 24 ரகத்தையும் கலந்து இவ்வாறு நிலைநிறுத்தப்பட்டதே. 1960-களில் குறுவைக்கு அது புதுவலு தந்தது. சிஆர் 1009 சப் 1 என்ற ரகம் வேறு வழியில் வந்தது: வெள்ளம் தாங்கும் ஒரு மரபணுவை மட்டும் கொண்டுவந்து, பழைய ரகமான சிஆர் 1009-ஓடே மீண்டும் மீண்டும் கலந்ததால் (இதுவே பின்கலப்பு), மூன்றாம் பின்கலப்பிலேயே சராசரியாக 93.75 விழுக்காடு பழைய ரகத்தின் மரபு திரும்பிவிடும். டெல்டாவில் ஏற்கெனவே வேரூன்றிய ரகத்தைத் திருத்துவதற்கு இதுவே சிறந்த வழி என்பது என் உறுதியான எண்ணம்.