கன்ரோறெக் வாத்தியாரும் எங்கள் சேரும்

பத்தாம் வகுப்பில் வரலாற்று சேர் முதலாம் உலகப்போரை ஓரிரு பாடவேளையில் முடித்துவிட்டார். சரயேவோ 1914, வேர்சாய் உடன்படிக்கை 1919, அப்புறம் 'காரணங்கள் ஐந்து தருக'. ஜேர்மனிக்கு வந்து பாஷை பிடிபட்ட பிறகு எரிக் மரியா றெமார்க்கின் 'மேற்குப் போர்முனையில் புதிதாக எதுவுமில்லை' நாவலை வாசித்தபோதுதான், அந்தப் போருக்குள் ஒரு முழு வகுப்பே போய் விழுந்தது தெரிந்தது.

றெமார்க் 1898இல் ஒஸ்னாபுறூக்கில் பிறந்தவர். ஆசிரியப் பயிற்சியில் இருந்தவரை 1916இல் பட்டாளத்துக்கு எடுத்தார்கள், அடுத்த வருடமே குண்டுச் சிதறல் பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார், போர் முடிந்தபின் கொஞ்சக்காலம் படிப்பித்தும் இருக்கிறார். அதனால்தானோ என்னவோ, கதையில் வருகிற கன்ரோறெக் வாத்தியாரை அப்படித் தோலுரித்திருக்கிறார்! நாடு, கடமை என்று பேசிப் பேசியே வகுப்பு முழுவதையும் கூட்டிப்போய்ப் படையில் பதியவைக்கிற மனுசன். யோசெப் பேம் என்ற பெடியன் மட்டும் தயங்குகிறான், எல்லாரும் ஒதுக்கிவிடுவார்களே என்று கடைசியில் அவனும் போய், முதலில் சாகிறவர்களில் ஒருவனாகிறான். பிறகு கன்ரோறெக்கையும் பட்டாளத்துக்குக் கூப்பிட, அவருக்கு அணிநடை பழக்க வாய்த்தவன் அவருடைய பழைய மாணவன். வகுப்பில் அவர் சொன்ன வசனங்களையே திருப்பிச் சொல்லி அவன் வாட்டுகிற இடத்தை, பழைய மாணவர் சங்கத்தில் இருக்கிற எவரும் சிரிக்காமல் வாசிக்க முடியாது.

எங்கள் சேர் அந்த எண்பதுகளில் யாரையும் இயக்கத்துக்குப் போ என்று சொன்னதில்லை. போனவர்களின் பெயரை இடாப்பில் வெட்டவும் இல்லை. அது எவ்வளவு பெரிய விசயம் என்று கன்ரோறெக்கைப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

நாவல் 1929இல் புத்தகமாக வந்து லட்சக்கணக்கில் விற்றது. அடுத்த வருடம் பேர்லினில் அந்த நாவலை வைத்து எடுத்த படம் ஓடியபோது, ஹிட்லரின் நாசிக் கட்சிப் பிரசாரத் தலைவர் கோயபெல்ஸின் ஆட்கள் தியேட்டருக்குள் வெள்ளெலிகளை விட்டுக் குழப்ப, அரசாங்கம் சில நாளில் படத்தையே தடைசெய்தது. குழப்பினவனை விட்டுவிட்டுப் படத்தைத் தடைசெய்கிற நியாயம் எங்களுக்கும் புதிதில்லை. 1933 மே 10 அன்று பேர்லினில் புத்தகங்களைக் கொளுத்தியவர்களில் முன்னுக்கு நின்றவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள், றெமார்க்கின் நாவலும் அதில் எரிந்தது. அவர் தப்பிவிட்டார். தங்கை எல்ஃபிரீடே தப்பவில்லை, போர் தோற்றுவிட்டது என்று சொன்ன குற்றத்துக்காக 1943இல் தலையை வெட்டினார்கள்.

ஒஸ்னாபுறூக் சந்தைச் சதுக்கத்தில், நகரமண்டபத்துக்கு எதிரே, றெமார்க் பெயரில் அமைதி நிலையம் ஒன்று இருக்கிறது. எங்கள் பழைய மாணவர் ஒன்றுகூடலுக்கு வருகிறவர்கள் பிள்ளைகளோடு எட்டிப்பாருங்கள். இங்கே படிக்கிற பிள்ளைகளுக்கு இந்தக் கதை ஏற்கனவே தெரிந்திருக்கலாம், அவர்களையே விளக்கச் சொல்லுங்கள்.